கதவைச் சாத்திக்கொண்டு நடித்த நாடகம்

புதிய நாடகங்களைப் பரிந்துரைக்கும் தொழிலில் முதலில் பழக வேண்டியது, வேண்டாம் என்று சொல்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்து வருவது. அந்த வேலையில் இருந்த ஓராண்டில், நான் கொடுத்து நடிக்கப்பட்ட ஒரே நாடகத்தைக்கூட நான் கண்ணால் பார்க்கவில்லை. இருந்தவர்கள் சொல்லித்தான் தெரியும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு சிறிய அறக்கட்டளை, இப்போது எழுதிக்கொண்டிருக்கும் இளம் நாடகாசிரியர்களின் பதினைந்து, இருபது நிமிட நாடகங்களைச் சேர்த்து வைத்திருந்தது. அவற்றைப் படித்து, எது எந்தப் பள்ளிக்குப் பொருந்தும், எது எந்த மகளிர் குழுவுக்குப் பொருந்தும் என்று சொல்லி, நடிக்க வைக்க வேண்டும். ஆண்டு முடிவதற்குள் ஒரு நாடகமாவது மேடையேறினால் வேலை நீடிக்கும். இல்லையென்றால் இல்லை. எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த அம்மா, எனக்கு ஆபீஸ் வேலை என்றதும்தான் முட்டிவலியை வெளியே சொல்லி வீட்டில் உட்கார்ந்திருந்தார். ஒன்றை நல்லது என்று சொல்லி அடுத்தவரை ஏற்க வைக்கும் வேலையில் இருந்தவர்களுக்கு என் நிலை புரியும்.

நாற்பது பிள்ளைகள்

முதலில் போனது டவுனில் ஒரு தனியார் பள்ளி. ஆண்டு விழாவுக்கு நாடகம் வேண்டும் என்றார் தாளாளர். நான் இரவெல்லாம் எழுதிப் பார்த்து மனப்பாடம் செய்த அறிமுகத்தை ஒப்பித்தேன். அவர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள், நாற்பது பேருக்கும் வேஷம் வேண்டும் என்றார். என்னிடம் இருந்ததில் பெரிய நாடகத்துக்கே ஐந்து பேர்தான். இப்போது எழுதுகிறவர்கள் இரண்டு பேரை உட்கார வைத்துப் பேச விடுகிறார்கள்.

மீதிப் பேரை மரமாக, மழையாக நிற்க வைக்கலாமா என்று அவரே யோசனை சொன்னார். நான் எடுத்துப்போன இரண்டு பேர் நாடகம் ஒரு லாட்ஜ் அறைக்குள் நடக்கிறது, அங்கே மரம் வராது என்று நான் உண்மையைச் சொன்னேன். ஃபைலை மூடி என் பக்கமாகத் தள்ளினார்.

"ரெண்டு பேர் பேசினா, மீதி முப்பத்தெட்டு பேரோட அப்பா அம்மா எதுக்கும்மா கை தட்டுவாங்க?"

குறையும் சொன்னேன்

ஒரு கல்லூரியில் மாணவர்களுக்கு ஒரு நாடகம் பிடித்துவிட்டது. பஸ் கண்டக்டரும் சில்லறை இல்லாத பயணியும் பேசிக்கொள்கிற நாடகம். படித்துக்காட்டும்போதே சிரித்தார்கள். யார் கண்டக்டர் என்பதில் சண்டைகூட வந்தது. எனக்கு அன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சு வந்தது.

அப்படியே எழுந்து வந்திருக்கலாம். ஆனால் பரிந்துரை என்றால் குறையையும் சொல்ல வேண்டும் என்று எனக்குள் ஒரு பயம். நடுவில் மூன்று பக்கம் தொய்வு, முடிவு அவசரமாக இருக்கிறது, பார்க்கிறவர்கள் எழுந்து போகக்கூடும் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்த வாரம் போனபோது அவர்கள் குழு நடனத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். கண்டக்டர் வேஷத்துக்குச் சண்டை போட்ட பையன் மட்டும் வாசல்வரை கூட வந்தான்.

"நீங்களே நல்லா இல்லைன்னு சொன்னா, நாங்க இன்னாத்த நம்பி நடிக்கறது?"

மலைக்காரப் பெண்

கல்வராயன் மலைமேல் ஓர் உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போயிருந்தேன். காலையில் ஏறிய பஸ்ஸிலேயே மாலையில் இறங்க வேண்டும். வேறு பஸ்ஸுக்கு வழியில்லை. மலைப் பள்ளிக்கு மலை நாடகம் என்று கணக்குப் போட்டு, மலைச் சிறுமி முதன்முறை நகரத்தைப் பார்க்கும் நாடகம் ஒன்றை எடுத்துப் போனேன். எழுதியவர் பெருநகரத்துக்காரர். அந்தச் சிறுமி பஸ்ஸைப் பார்த்து, "இது என்ன மிருகம்?" என்று கேட்பாள்.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து வாசித்தாள். அவள் அப்பாவும் அம்மாவும் ஆண்டில் பாதி நாள் வெளியூரில் வேலை செய்கிறார்கள் என்று ஆசிரியை பிறகு சொன்னார். லீவுக்கு அந்தப் பெண் தனியாகவே மூன்று பஸ் மாறி அவர்களிடம் போய்வருகிறவள். இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். மலையடிவாரத்திலேயே வளர்ந்தவள்தானே நான். மிருகம் என்ற இடத்துக்கு வந்ததும் அந்தப் பெண் நிறுத்தினாள். கோபப்படவில்லை. சந்தேகம் கேட்கிற குரலில்தான் கேட்டாள்.

"மிஸ், இவங்க எந்த ஊரு மலைக்காரங்க?"

ஜெராக்ஸ் கடை பாய்

நாடகங்களைப் பிரதி எடுக்கும் கடையின் பாய்தான் என்னைத் தவிர எல்லாவற்றையும் முழுதாகப் படித்த ஒரே ஆள். தாள் ஓடும்போதே படித்துவிடுவார். சோகம் ஜாஸ்தி, சிரிப்பு கம்மி, இதையெல்லாம் எவன் பார்ப்பான் என்பார். "பேர் கூப்பிடுவாங்க" என்ற நாடகத்தை மட்டும் மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஆஸ்பத்திரி வராந்தா. சாராயம் குடித்து உள்ளே கிடக்கும் கணவர்களுக்காக இரண்டு பெண்கள் காத்திருக்கிறார்கள். உடலை வாங்கிக்கொள்ளத்தான் பெயர் கூப்பிடுவார்கள். கடைசியில் உள்ளிருந்து ஒரு பெயர் கூப்பிடப்படுகிறது. அத்தோடு நாடகம் முடிகிறது.

இதை ஏன் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்று கேட்டார். விஷச் சாராயத்தில் ஆண்கள் செத்துப்போன கருணாபுரத்தில் ஒரு மகளிர் குழு நாடகம் கேட்டிருப்பதையும், இதை எடுத்துக்கொண்டு அங்கே போக எனக்குத் தைரியம் இல்லாததையும் சொன்னேன். அவர்கள் மனம் புண்படும் என்றேன். பாய் தாள்களை அடுக்கி ஸ்டேப்ளர் போட்டார்.

"அவங்க மனசு புண்படுமா, ஒனக்குப் பயமா? ரெண்டுல எதுன்னு சொல்லிட்டு எடுத்துக்கினு போ."

பெஞ்சு

போனேன். மொத்தம் எட்டு பேர். குழுத் தலைவி சரசு அக்கா. அதில் நான்கு பேருக்குக் கணவர் இல்லை. வேண்டாம் என்றால் உடனே நிறுத்திவிடுகிறேன் என்று மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் படிக்கத் தொடங்கினேன். அவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவார்கள் என்று பயந்திருந்தேன். அழவில்லை. கூலி வேலைக்கு ஆள் எடுப்பவர் கணக்குச் சொன்னால் கேட்பதுபோல, தப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கேட்டார்கள். முதல் தப்பை இரண்டாம் பக்கத்திலேயே பிடித்தார் தனம் அக்கா.

"பெஞ்சுல ஏது எடம்? நாங்க தரையில குந்திக்கினு இருந்தோம். அத மாத்து."

பொட்டு

அந்த இரண்டு பெண்களும் பொட்டும் பூவுமாக வராந்தாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கேதான் சிக்கியது. கணவர் இருக்கிற நான்கு பேரும் அந்த வேஷம் போட மாட்டோம் என்றார்கள். எந்தப் பெயர் கூப்பிடப்படப் போகிறது என்று தெரிந்தே போய் உட்கார யாருக்கு மனம் வரும்? மாட்டேன் என்றதை நான் தப்பு சொல்லவில்லை. மாலாவும் தனம் அக்காவும் நடிக்கிறோம் என்றார்கள். இருவருக்கும் கணவர் இல்லை. அவர்கள் குங்குமம் வைத்துக்கொண்டு நாலு பேர் முன்னால் உட்கார்ந்தால் தெரு என்ன பேசும், தனம் அக்காவின் மாமியார் என்ன பேசுவார் என்று சரசு அக்கா கவலைப்பட்டார்.

பொட்டு இல்லாமலே நடிக்கலாம், எழுதியவரிடம் நான் கேட்டுக்கொள்கிறேன் என்றேன். எனக்கு நாடகம் நடந்தால் போதும் என்றிருந்தது. ஒப்பந்தம் முடிய இரண்டு வாரம்தான் இருந்தது. தனம் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"அன்னிக்கு வச்சிக்கினுதானே போனேன்? இன்னிக்கி வைக்காம குந்தினா அது பொய்யி."

ஞாயிற்றுக்கிழமை

சமுதாயக் கூடத்தில் மாலை நான்கு மணிக்கு நாடகம். தெருவுக்கே சொல்லியிருந்தோம். எங்கள் ஒருங்கிணைப்பாளர் சார் கேமராவோடு வருகிறேன் என்றார். பஸ் ஸ்டாண்டில் அவருக்காகக் காத்திருந்து கூட்டிக்கொண்டு போனபோது நாலரை. கூடத்துக் கதவு அப்போதுதான் திறந்திருந்தது. உள்ளே ஈரத்துணியும் உதிர்ந்த பூவும் கிடந்தன. மாலா நெற்றியை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். நாடகம் முடிந்துவிட்டது.

நடந்ததைச் சரசு அக்கா சொன்னார். மதியம் ஒப்பனை ஆரம்பிக்கும்போதே தனம் அக்காவின் மாமியார் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். சண்டை போடவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். அந்தக் கிழவி முன்னால் பொட்டு வைக்க தனம் அக்காவுக்கு மனம் வரவில்லை. வைக்காமல் நடிக்கவும் வரவில்லை. அதனால் நான்கு மணிக்கு, தெருவிலிருந்து வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, எட்டு பேர் மட்டும் உள்ளே இருந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நடித்துவிட்டார்கள். பெயர் கூப்பிட வேண்டியவர் சரசு அக்கா. நாடகத்தில் இருந்த பெயரைத்தான் கூப்பிட்டாராம். தரையில் இருந்த இரண்டு பேரோடு, பார்த்துக்கொண்டிருந்தவர்களும் எழுந்து நின்றுவிட்டார்களாம்.

சார் கேமராவைத் திறந்தார். போட்டோவுக்காக ஒரே ஒரு முறை, கடைசிக் காட்சி மட்டும் போதும், ஐந்து நிமிஷம் என்றார். அவர் என் வேலைக்காகத்தான் கேட்டார், அதையும் சொல்ல வேண்டும். நானும் அதைத்தான் விரும்பினேன். தனம் அக்கா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இன்னொரு தபா வச்சிக்கினு, இன்னொரு தபா அழிக்கச் சொல்றியா?"

அறிக்கை

ஆண்டறிக்கையில் "மேடையேறிய நாடகங்கள்" என்று ஒரு கட்டம். நான் அரை நாள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மேடை இல்லை. பார்த்தவர்கள் இல்லை. போட்டோ இல்லை. நானே பார்க்காத ஒன்றை நடந்தது என்று எப்படி எழுதுவது? "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. அடுத்த மாதம் அம்மா கரும்பு வெட்டுக்குப் போனார். நான் சொல்லவில்லை, அவராகவே விடிவதற்குள் கிளம்பிவிட்டார். சாமான்களை எடுக்க ஆபீசுக்குப் போனபோது சார் வருத்தத்தோடுதான் பேசினார்.

"உன் கையால நீயே இல்லைன்னு எழுதிட்டியேம்மா, அதுக்கு மேல நான் இன்னா பண்ண முடியும்?"

ஒவ்வொரு நாடகத்தையும் கடைசிப் பக்கம்வரை படித்த பிறகே அடுத்தவருக்குப் பரிந்துரைத்த நான், என் வேலையின் விதிமுறைத் தாளை மட்டும் வேலை போய் இரண்டு மாதம் கழித்துத்தான் எடுத்துப் பார்த்தேன்: "மேடையேற்றம் என்பது ஒரு குழு முழு நாடகத்தையும் ஒருமுறை நடித்து முடிப்பது, பார்வையாளர் விவரம், புகைப்படம் இருந்தால் இணைக்கவும்."