வீட்டுக்கு வந்த டெர்மினல்

மனைவி சாராளுக்கு இதயம் வீங்கியிருப்பதாக மதுரை டாக்டர் சொன்ன பிறகுதான் செல்வமணி அந்த யோசனைக்கே வந்தார். தேனிக்கு வெளியே ஒரு நூற்பாலையில் அவருக்கு வேலை. எண்பத்தேழில் அங்கே கம்ப்யூட்டர் வாங்கியபோது, அதைப் பார்த்துக்கொள்ள அவரைத்தான் பழக்கினார்கள். கரண்ட் போய் வந்தால் அது நின்றுவிடும். கன்சோல் என்கிற அதன் திரை, விசைப்பலகை முன்னால் உட்கார்ந்து கட்டளை தட்டினால்தான் எழும். ஞாயிறு ஆராதனைக்கு நடுவிலும் ஆள் வரும்; செல்வமணி சைக்கிளை எடுப்பார்.

மெட்ராஸிலிருந்து வந்த எஞ்சினியரிடம் கேட்டார்: "வீட்ல இருந்தே பாக்க வழி இருக்கா சார்? அவளத் தனியா விட முடியல."

சொந்தமாகக் கேபிள் இழுத்தால் முதல் இடிக்கே கருகிப்போகும் என்றார் எஞ்சினியர். தொலைபேசி இலாகாவில் தனி லைன் கேட்டால் எப்போது வருமோ தெரியாது. கடைசியில் சாதாரண போன் லைன் வழியாகவே கம்ப்யூட்டரோடு இணைக்கும் மோடம் கருவியை வைப்பதென்று முடிவானது. பஜார் கிடங்கில் சும்மா கிடந்த போனை முதலாளி செல்வமணி வீட்டுக்கு மாற்றிக் கொடுத்தார்.

சாராள் படுத்திருந்த அறையை ஒட்டி, மில் கம்ப்யூட்டருக்கு இங்கிருந்தே கட்டளை தட்டத் திரையும் விசைப்பலகையுமான டெர்மினலை வைத்தார்கள். தொடக்கத்தில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துக்கொண்டே வேலை பார்த்தார். பிறகு மில்லில் எல்லாருக்கும் அது வசதியாகிவிட்டது. ஆள்தான் வீட்டில் இருக்கிறாரே என்று எதற்கெடுத்தாலும் கூப்பிட்டார்கள்.

"மில்லுக்குப் போனப்ப, முடிஞ்சதும் வீட்டுக்கு வந்தீக" என்றாள் சாராள் ஒருநாள். "இப்ப வீட்லயேதான் இருக்கீக. வரத்தான் மாட்டேங்கிறீக."

அவர் பேச்சை மாற்றினார்.

ஐப்பசி அடைமழையில் ஒரு மாலை, சம்பளக் கணக்கு பாதியில் நின்றது. போன் லைன் இரைந்தது. இணைப்பு கிடைப்பதும் அறுவதுமாக இருக்க, திரும்பத் திரும்ப டயலைச் சுழற்றினார்.

"ஏங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இந்தா வந்துட்டேன்."

மறுபடியும் கூப்பிட்டாள். அதே பதிலைச் சொன்னார். அதற்குமேல் குரல் வரவில்லை. இயந்திரம் எழுந்த பிறகே அவர் எழுந்து போனார். சாராள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. மூச்சு இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் போன் அடித்தது. மேனேஜர் ராஜமணி துக்கம் விசாரித்துவிட்டுத் தயங்கினார். "மெசின் நின்னுபோச்சு செல்வமணி."

"இத எடுத்துட்டுப் போகச் சொல்லுங்கய்யா."

"நீங்க கேட்டுத்தான வச்சுக் குடுத்தோம்."

"ஆமாங்கய்யா. நான்தான் கேட்டேன்."

ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, மழையிலேயே மில்லுக்கு நடந்தார்.