தண்ணீரும் தங்காத பூனை

நாரந்தனை தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. முதுகுக்குப் பின்னால் மீன்வாடி, முன்னால் ஊர்காவற்றுறை. தோளில் ஓலை உமல், அதற்குள் பூனை. வலை பொத்துகிற வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போனால் திரும்பி வரவேண்டாம் என்று வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் சொல்லியிருந்தார். எனக்கு அது புதிதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து எங்கும் நாலு மாதம் தங்கியதில்லை. அந்த வாடியில் மட்டும் ஒரு வருடம் கிடந்தேன். வலைக்குவியலில் படுத்தால் பூனை வந்து என் கழுத்தடியில் சுருளும். காரணம் அவ்வளவுதான்.

கடலுக்குத் தடை போட்டிருந்த நாட்கள் அவை. வள்ளங்கள் கரையில் கிடந்தன. பூனை சத்தி எடுத்தபோது முதலில் நானும் பொருட்படுத்தவில்லை. புல்லைத் தின்று கக்கிவிட்டு உடனே மீன்தலைக்கு வந்து நிற்பது பூனைகளின் வழக்கம். இது மீனுக்கு வரவில்லை. அடுத்த நாள் மஞ்சள் நுரை. அதற்கடுத்த நாள் சிரட்டையில் வைத்த தண்ணீரை நக்கியது. நக்கியது அப்படியே திரும்பி வந்தது. பிறகு வள்ளத்துக்கடியில் போய் எதையும் பாராமல் இருந்தது.

வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கின் அடியில் தங்கூசி, வலை பின்னும் அந்தக் கண்ணாடி நூல், மினுங்கியது. கடலில் பழகிய கைக்கு நூல் நுனியைக் கண்டால் இழுக்கத்தான் தெரியும். இழுத்தேன். பூனை கத்திய கத்தலில் கையை எடுத்துவிட்டேன்.

ஊர்காவற்றுறை வீதியின் இருபுறமும் பனைகள். அவற்றுக்கு அப்பால் கடலா வெயிலா என்று பிரிக்க முடியாத வெளிச்சம். சில நேரம் நான் நிற்பதாகவும் வீதிதான் பின்னால் போவதாகவும் இருந்தது. விலாவில் படும் சின்னச் சூட்டை மட்டும் கவனித்து நடந்தேன்.

மாட்டாசுப்பத்திரி வாசலில் ஆட்டோடு நின்ற ஒரு பெண் கேட்டாள்.

"உமலுக்கை என்ன தம்பி, மீனோ?"

"பூனை அக்கா. சத்தி எடுக்குது."

"சத்தி எடுக்காத பூனை எங்கை கிடக்கு? இனிக் கோழிக்குப் பல்லுக் கட்டவும் ஆக்கள் வருவினம்."

"தண்ணியும் தங்குதில்லை அக்கா."

அவள் உமலுக்குள் எட்டிப் பார்த்தாள். "முன்னுக்குப் போம். என்ரை ஆட்டுக்குச் சொறிதான்."

டொக்டர் பூனையின் பிடரித் தோலைக் கிள்ளி விட்டார். தண்ணீர் வற்றிய தோலில் மடிப்பு அப்படியே நின்றது. பிறகு வாயைத் திறந்து நூலைப் பார்த்தார்.

"ஒருக்கா ரெண்டுதரம் சத்தி எடுத்துப்போட்டுச் சாப்பிட்டால் விடலாம். தண்ணி தங்காட்டில் அண்டைக்கே கொண்டு வரவேணும். நூலை இழுத்தனீரோ?"

"ஓம், கொஞ்சம்."

"இனித் தொடாதையும். மற்ற நுனி குடலுக்கை கிடக்கு. இழுத்தால் குடல் அறுந்துபோம்."

நாக்கைச் சுற்றியிருந்த நூல் வளையத்தை மட்டும் கத்தரித்தார். தோலுக்கடியில் ஊசியால் தண்ணீர் ஏற்றினார்.

"மிச்சம் தானாய்ப் போகவேணும். போகாட்டில் வயித்தை வெட்டவேணும், அது இஞ்சை ஏலாது. ஒரு கிழமை பக்கத்திலை இருந்து பாரும்."

பின்னேரம் வரை வேப்பமரத்தடியில் இருந்தேன். கண் சொருகும்போதெல்லாம் கடல் சத்தமில்லாமல் முற்றம் வரை வந்து போனது. விழித்தபோது பூனை தண்ணீரை நக்கிக்கொண்டிருந்தது. நிலத்தையே பார்த்திருந்தேன். ஒன்றும் திரும்பி வரவில்லை.

டொக்டர் சைக்கிளை எடுத்தபடி கேட்டார். "எங்கை தங்கப்போறீர்?"

"தெரியாது."

"மாடு பிடிப்பீரோ?"

"சுறா பிடிச்சனான்."

மறுநாள் காலை நூல் இன்னும் வெளியே வந்திருக்கவில்லை. ஊசி போட வரும் மாடுகளின் கொம்பைப் பிடிக்கிற வேலையில் சேர்ந்தேன். ஒரு கிழமைக்கு என்றுதான் சொன்னேன்.