இரக்கப்பட்டால் ஒழுகும்

செய்தி வந்தபோது நான் மெஷினில் பசை இறங்கும் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் போன் எங்களிடம் இருக்காது. வாசலிலேயே பூட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் புஷ்பம் அக்காவின் மகள் வசந்தி ஆபீசுக்குப் போன் எடுத்திருக்கிறாள். ஆள் வந்து கூப்பிட்டபோதே எனக்கு விளங்கிவிட்டது. "சித்தி, அம்மா போயிட்டாங்க" என்றாள். எப்போது, எப்படி என்று நான் எதையும் கேட்கவில்லை.  பிறகு அவளே, "படுக்க நனையல சித்தி" என்றாள்.

பக்கத்தில் இருந்த கிளார்க்குக்கும் அது கேட்டிருக்கும். என் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பெற்ற தாய் செத்துக் கிடக்கிறாள், இவள் படுக்கையைப் பற்றிப் பேசுகிறாளே என்று நினைத்திருப்பார். புஷ்பம் அக்காவோடு வேலை செய்த உங்களிலும் பல பேருக்கு அந்தப் பேச்சு விளங்காது. கருமாதியன்று வாசிக்க ஏதாவது எழுதித் தாருங்கள் என்று வசந்தி கேட்டபோது, இதையே எழுதலாம் என்று நினைத்தேன். இரண்டு தடவை உட்கார்ந்தேன், இரண்டு தடவையும் தூங்கிப்போனேன். வேலை முடிந்து வந்தால் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இன்று லீவு, எப்படியும் முடித்துவிட வேண்டும்.

அக்காவைத் தெரியாத சொந்தக்காரர்களும் வந்திருப்பீர்கள். அவர் டிக்கோயாவுக்கு மேலே உள்ள தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர். டயப்பர் பெக்டரி திறந்தபோது காலையில் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போவதை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். என்னையும் அவரையும் ஒரே மெஷினில் போட்டார்கள். டயப்பரில் தொடையைச் சுற்றி ஒரு சுருக்கம் இருக்கிறதே, அதைப் போடுகிற மெஷின் அது. இலாஸ்டிக் நூலை நன்றாக இழுத்துப் பிடித்தபடியே சூடான பசை தடவி, இரண்டு மெல்லிய துணிக்கு நடுவில் ஒட்ட வேண்டும். வெளியே வந்ததும் நூல் தன் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும், துணியும் அதோடு சேர்ந்து சுருங்கும். பசை பிடித்திருந்தால் சுருக்கம் நிற்கும். பிடிக்காவிட்டால் நூல் மட்டும் உள்ளுக்குள் வழுக்கி ஓடிவிடும். பெட்டியில் போடும்போது ஒரு வித்தியாசமும் தெரியாது. கட்டிப் படுத்த பிறகுதான் தெரியும்.

சேர்ந்த புதிதில் அக்கா ஒரு வேலை செய்தார். நூலின் இழுவையைக் கூட்டிக் குறைக்க மெஷினில் ஒரு திருகு உண்டு. அதை யாரும் பார்க்காத நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திவிட்டார். அந்தச் சரக்கெல்லாம் கடைகளிலிருந்து திரும்பி வந்தது. புள்ளை கட்டின டயப்பர் தொடைப் பக்கமாக ஒழுகுகிறது என்று கொழும்பு வரைக்கும் சத்தம். மெனேஜர் எங்களை வரிசையாக நிறுத்தி, யார் கை வைத்தது என்று கேட்டார். அவர் சிங்களவர், தமிழ் கொஞ்சம் விளங்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன், எனக்கு உண்மையாகவே தெரியாது. அக்கா முன்னால் போய், "நாந்தான் சேர். அவ்வளவு இறுக்கினா பச்சப்புள்ள தொட செவந்துராதா?" என்றார். செய்ததையும் செய்துவிட்டு, கேள்வியும் அவரே கேட்டார்.  மெனேஜர், சிவந்தால் ஒரு மணித்தியாலத்தில் மாறிவிடும், நனைந்த புள்ளைக்குச் சளி பிடித்தால் யார் பார்ப்பது என்று சிங்களத்தில் கேட்டுவிட்டுப் போய்விட்டார். வேலை போகவில்லை. ஆனால் திரும்பி வந்த பெட்டிகளைப் பிரித்துப் பிரித்து எங்கள் எல்லோருடைய இடுப்பும் போனது. ஒருத்தியும் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கடைசிப் பெட்டியைப் பிரிக்கும்போது தன்பாட்டில், "இரக்கப்பட்டா ஒழுகும் போல இருக்கு" என்றார். அப்போது எல்லோரும் சிரித்துவிட்டோம். அன்றிலிருந்து மெஷினில் யார் எதை இறுக்காமல் மெதுவாகச் செய்தாலும் அதுதான் பேச்சு. புதிதாக வந்தவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்றுகூடத் தெரியாது, ஆனால் சொல்வார்கள்.

அக்கா நல்லவர், வல்லவர் என்று நான் அடுக்கப் போவதில்லை. கேட்டால் அவரே ஏசுவார். கோபக்காரர். தவறு எங்கே நடந்தாலும் முதலில் என்னைத்தான் பார்ப்பார். அவரோடு வேலை செய்வது லேசில்லை, நான் மூன்று தடவை வேறு மெஷின் கேட்டிருக்கிறேன். தரவில்லை.

நம்முடைய கட்டடம் முன்பு தேயிலை பெக்டரியாக இருந்தது. கொழுந்து வாட வேண்டும் என்று நாலு பக்கமும் காற்று வருகிற மாதிரி கட்டியது. பசைக்கோ காற்றுத்தான் எதிரி. விடியற்காலையில் மூடுபனி உள்ளேயே வந்து நிற்கும். துணிச்சுருள் குளிர்ந்து கிடந்தால், சூடான பசை அதில் பட்டவுடனேயே இறுகிவிடும். நூலைப் பிடிக்க அதற்கு நேரம் கிடைக்காது. அதனால் துணிச்சுருள்களை முதல் நாளே பசைத் தொட்டிக்குப் பக்கத்தில் உருட்டிவிட வேண்டும் என்று எல்லோருமாகப் பழகிக்கொண்டோம். காலையில் மெஷினைத் தொடங்குமுன் அக்கா குனிந்து, சுருளில் கன்னத்தை வைத்துப் பார்ப்பார். கை ஏன் வைப்பதில்லை என்று கேட்டேன். கொழுந்து பறித்துக் காய்த்துப்போன கை, அதற்குச் சூடும் தெரியாது குளிரும் தெரியாது என்றார். "புருசனுக்குக்கூட இவ்வளவு முத்தம் குடுத்திருக்க மாட்டீங்க" என்று நாங்கள் கேலி செய்வோம். "அந்த மனுசன் எங்கடி இவ்வளவு நேரம் சும்மா இருந்தான்" என்பார்.

பிறகு அவருக்கு வாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். வீடு என்றால் தோட்டத்து லய வரிசையில் படுக்க ஒரு காம்பரா, சமைக்க ஒரு குசினி. இருப்பது ஒரு கட்டில். அக்காவும் பேத்தி பவித்ராவும் அதில்தான் படுக்க வேண்டும். வசந்தி கீழே பாய் போட்டுப் படுப்பாள். அவளுடைய புருசன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார்.

நம்முடைய பெக்டரியில் செய்த பெரியவர்கள் டயப்பரைத்தான் நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரவு கட்டினால் காலையில் மெத்தை நனைந்திருக்கும். பவித்ராவின் உடுப்பும் நனைந்திருக்கும். அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் குளிர் தண்ணீரில் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகும். மழைக்காலத்தில் மெத்தை காய்வது எப்படி? போர்வையை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, புகை மணத்தோடு திரும்ப விரித்தார்கள். வசந்தி காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போக வேண்டியவள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: டவுனில் வயதானவர்களை வைத்துப் பார்க்கும் மடம் இருக்கிறதே, அங்கே விட்டுவிடு. வசந்தி விட்டுவிடுவதாகச் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவளும் எவ்வளவுதான் தாங்குவாள்? ஒரு நாள் நான் போயிருந்தபோது அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். பேச்சு குழறும், ஆனால் விளங்கும். "படுக்க நனையாம இருந்தா நான் இங்கயே கெடக்கலாம் புள்ள. நனைஞ்சா போகணும். அவ மேல தப்பு இல்ல" என்றார்.

அதைச் சொல்லிவிட்டு அழுவார் என்று பார்த்தேன். அழவில்லை. புதுப் பக்கற்றிலிருந்து ஒரு டயப்பரை எடுத்துத் தரச்சொன்னார். பல்லால் ஒரு பக்கத்தைக் கடித்துக்கொண்டு, நல்ல கையால் தொடைச் சுருக்கத்தை இழுத்து விட்டார். அது திரும்பவே இல்லை, இழுத்தது இழுத்தபடி கிடந்தது. வழக்கம்போல என்னைத்தான் ஏசினார். நீ எங்கே பராக்குப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய், பசையைக் குறைத்துவிட்டீர்களா, நூலை மாற்றிவிட்டீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கும் கோபம் வந்தது. எல்லாம் நீங்கள் விட்டுப்போனபடிதான் இருக்கிறது, துணிச்சுருளை மட்டும் இடைஞ்சலாக இருக்கிறதென்று வாசல் பக்கத்து ஸ்டோருக்கு மாற்றியிருக்கிறார்கள் என்றேன். சொல்லி முடிக்குமுன் எனக்கே விளங்கிவிட்டது. அக்கா கையிலிருந்ததைக் கீழே போட்டார். "கன்னம் வச்சுப் பாத்தியாடி?" என்றார்.

வைத்துப் பார்க்கவில்லை. அக்கா வேலைக்கு வராமல் போன பிறகு யாரும் அதைச் செய்யவில்லை. அடுத்த நாள் சூப்பவைசரிடம் போய்ச் சொன்னேன். அவர் சண்டை பிடிக்கவில்லை. அவருக்கும் தெரிந்த விஷயம்தான், இடமில்லாமல் மாற்றியிருக்கிறார். மதியத்துக்குள் சுருள்கள் பழையபடி பசைத் தொட்டிப் பக்கம் வந்துவிட்டன. அடுத்து வந்த பக்கற்றுகளைப் பிரித்து இழுத்துப் பார்த்தேன், விட்டவுடன் சுருங்கின. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மெத்தை நனையவில்லை. பவித்ரா காலையில் சிரித்துக்கொண்டு போனாள் என்று வசந்தி சொன்னாள். மடத்துப் பேச்சு நின்றது.

கொஞ்ச நாளில் திரும்பவும் நனைந்தது.  வேலை முடிந்து ஓடினேன். பக்கற்றில் ஒரு குறையும் இல்லை. அக்கா கட்டியிருந்ததைக் கழற்றிப் பார்த்தால், தொடைச் சுருக்கத்தில் இலாஸ்டிக்கை அங்கங்கே கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டிருந்தது. வசந்தி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அம்மாவின் தொடையில் வரி வரியாகச் சிவந்து கிடக்கிறது, பார்க்க முடியவில்லை சித்தி, அதனால்தான் வெட்டிவிட்டேன் என்று அழுதாள். அக்கா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்து வாய் மட்டும் கோணிக்கொண்டு போனது. வலிக்கிறதோ என்று பயந்தேன். இல்லை, சிரிக்கிறார். "நான் பெத்தது வேற எப்படி இருக்கும்" என்றார். பிறகு வசந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இரக்கப்பட்டா ஒழுகும் தாயி. இறுக்கிக் கட்டு. நான் ஒங்கிட்டயே இருந்துக்கிறேன்" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. வெளியே போய் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே வசந்தி புதியது ஒன்றை எடுத்துப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

அதன் பிறகு அவள் வெட்டவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸ் சொன்னபடி, பகலில் டயப்பர் கட்டாமல் பழைய சேலையை மடித்து விரித்துப் படுக்கவைத்தார்கள். அடுத்த காம்பராப் பெண் ஒருத்தி வந்து வந்து மாற்றிவிடுவாள். இரவுக்கு மட்டும் இறுக்கிக் கட்டினார்கள். சிவந்தது ஆறியது, திரும்பச் சிவந்தது, ஆறியது. அக்கா சுகமாக இருந்தார் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வலிக்காத நாள் குறைவு. எல்லோரும் களைத்துப்போனோம், அவர்தான் அதிகமாகக் களைத்துப்போனார். ஆனால் அவர் மடத்துக்குப் போகவில்லை. தன் கட்டிலில், பேத்தியின் பக்கத்தில்தான் படுத்திருந்தார். கடைசிவரை வசந்தி இறுக்கித்தான் கட்டினாள். அன்று போனில் அவள் சொன்னது அதைத்தான்.

செத்தவர் படுத்த மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அது காய்ந்துதான் கிடக்கிறது, நான் படுப்பேன் என்று பவித்ரா விடவில்லை. இன்னும் அதில்தான் படுக்கிறாள்.

அடக்கத்துக்கு எனக்குக் கிடைத்தது அரை நாள் லீவு. மறுநாள் காலையில் வழக்கம்போல மெஷினுக்கு முன்னால் நின்றேன். அக்காவிடமிருந்து எனக்கென்று ஒரு பொருளும் வரவில்லை. அந்த ஒரு பேச்சையும், கன்னத்தை வைத்துப் பார்க்கும் பழக்கத்தையும்தான் வைத்திருக்கிறேன். அன்றும் சுருளுக்கு முன்னால் குனிந்தேன். உடனே வைக்க முடியவில்லை. துணி நனையக் கூடாது. முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் வைத்தேன்.