மூடியில் சாப்பிட்டவர்

எங்கள் சமையலறைச் சுவரில் ஓர் அலுமினிய மூடி மாட்டியிருக்கிறது. நடுவில் குழி விழுந்து, விளிம்பு நசுங்கிய பழைய மூடி. அதற்குரிய குண்டான் இப்போது எந்தப் படகில் இருக்கிறதோ தெரியாது. திருவொற்றியூரில் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது பாதிச் சாமான்களைக் கழித்துவிட்டேன். இதை மட்டும் புடவைக்குள் சுற்றி மடியில் வைத்து எடுத்துவந்தேன். அப்பா சாப்பிட்ட தட்டு இதுதான்.

அப்பா விசைப்படகில் சமையல்காரர். காசிமேட்டிலிருந்து கிளம்பினால் பத்துப் பதினைந்து நாள் கடலில்தான். ஆடுகிற அடுப்பில் எட்டுப் பேருக்கும் அவர்தான் பொங்கிப்போட வேண்டும். சமைத்தவன் முதலில் சாப்பிட்டால் வலை காலியாக வரும் என்று அவர்கள் படகில் ஒரு நம்பிக்கை. எல்லோரும் கை கழுவிய பிறகு மிஞ்சியதை மூடியில் போட்டுக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவாராம். கரைக்கு வந்தாலும் மூடியும் கூடவே வரும், அந்தப் பழக்கமும் போகவில்லை. நான் சின்னவளாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டதால் ராயபுரம் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவர் கடலில் இருக்கும் நாட்களில் பக்கத்து வீட்டுச் சித்தியிடம் சாப்பிடுவேன். வந்துவிட்டால் அவரே சமைப்பார். எனக்குத் தட்டில் போட்டுவிட்டு அடுப்போரம் குந்திக்கொள்வார். "நீயும் வாப்பா" என்றால், "நீ துண்ணு பாப்பா, நான் அப்பால துண்றேன்" என்பார். அவரோடு எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்று எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஆசை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. வேலை கிடைத்தபின் முதலில் வந்த என் பிறந்தநாளுக்கு, டிவி சமையல் போட்டியில் நடுவராக வரும் ஒரு பிரபல செஃப்பின் உணவகத்துக்கு அப்பாவை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனேன். என் கணக்கு எளிமையானது. அவர் சமைக்காத இடத்தில் அவர் கடைசியாகச் சாப்பிட வேண்டியதில்லை அல்லவா.

கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். ஆளுக்கு ஒரு முறம் அகலத் தட்டில் நான்கு விரல் அகல மீன் துண்டு வந்தது. "இன்னா பாப்பா, இம்மாம் பெரிய கடல்ல ஒத்த மீன வுட்டுகீறான்" என்று சிரித்தார். பிறகு குனிந்து பார்த்தார். "கொடுவா. தோலு பிய்யாம மொறுமொறுன்னு எடுத்துகீறான் பாரு. கைகாரன்தான்." ஆனால் தன் தட்டை என் பக்கம் தள்ளினார். "நீ துண்ணு, நான் அப்பால." அங்கேயும் அதேதான்.

அப்போது அந்த செஃப் மேசை மேசையாக நலம் விசாரித்துக்கொண்டு எங்களிடம் வந்தார். அப்பா சட்டென்று எழுந்து நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. சமையல்காரரிடம் பேசப்போகிற சமையல்காரரின் முகம். "சார் என்ன பண்றீங்க?" என்று செஃப் கேட்டார். அப்பா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அப்பா மீன் எக்ஸ்போர்ட் பிசினஸ்ல இருக்காரு."

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். "ஆமா சார்" என்றார். மீன் தோலைப் பற்றிக் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. செஃப் நகர்ந்ததும் உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் இழுத்து, விறுவிறுவென்று சாப்பிட்டு முடித்தார். நான் ஆசைப்பட்டபடியே எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு நெத்திலி கழுவ உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் குழம்பு வாசம் அறை முழுக்க நின்றது. எனக்குத் தட்டில் சோறு போட்டார். மூடியிலும் போட்டார். இரண்டையும் தரையில் எதிரெதிரே வைத்தார். "வா பாப்பா, குந்து. இன்னிக்கி ஒண்ணா துண்ணலாம். வலை காலியா வந்தா வர்ட்டும்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "வயிறு ரொம்பிடுச்சிப்பா" என்றேன், போனைப் பார்த்தபடி. பொய்தான். அங்கே சாப்பிட்டது எந்த மூலைக்கு? அவர் "செரி, அப்பால துண்ணு" என்று என் தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்தார். தன் மூடியை எடுத்துக்கொண்டு அடுப்போரம் போய் நின்று சாப்பிட்டார். அந்த வாரமே கடலுக்குப் போய்விட்டார். அதன்பின் எத்தனையோ முறை வந்தார், சமைத்தார். ஒன்றாகச் சாப்பிட அவர் மறுபடி கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டிருக்கலாம். நாளைக்கு, அடுத்த தடவை என்று இருந்துவிட்டேன். ஒருநாள் காலை துறைமுகத்தில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இன்று என் பிறந்தநாள். நெத்திலிக் குழம்பு வைத்தேன். அவருடையது போல வரவில்லை. மூடியை இறக்கிக் கழுவி, அதில் முதலில் சோறு போட்டேன். பிறகு என் தட்டில். எதிரெதிரே வைத்து உட்கார்ந்தேன். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. நல்ல பசிப்பா.