என் பிள்ளையைப் பற்றி என்னிடம் கேட்ட நாள்

ஸ்கேன் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆடி மாதம். வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை. முதுகெலும்பு சரியாக மூடவில்லை, நடப்பது கஷ்டம் என்று ராஜபாளையத்தில் டாக்டரம்மா சொன்னார். கலைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் இத்தனை மாதமானால் இரண்டு டாக்டர்கள் பார்க்க வேண்டும் என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பினார்.

வீட்டில் அன்றைக்கே முடிவாகிவிட்டது. என் மாமியார் கெட்டவர் இல்லை. "ஏட்டி ஜெசி, உங்க காலத்துக்குப் பொறவு அத யாரு பாத்துக்கிடுவா?" என்றார். பேண்டேஜ் கம்பெனியில் மெஷின் ஓட்டும் என் கணவர் தரையைப் பார்த்தபடி, "அம்மா சொல்றது சரிதான" என்றார். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. புருஷன் கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ரிப்போர்ட் பொய்யாக வேண்டும் என்று சபைச் சகோதரிகள் உபவாசம் இருந்தார்கள். எனக்கு அந்த ஜெபம் ஒட்டவில்லை. ஓர் இடத்தில் உட்கார முடியாமல் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தபடியே ஆண்டவரோடு சண்டை போட்டேன். "கால் வராத பிள்ளைன்னா அதுக்கு மட்டும் தனி நியாயமா? யாராவது ஒருத்தர் என்னையக் கேக்கட்டும் ஆண்டவரே. அது போதும்." கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. அவ்வளவு பயம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, என்னோடு வந்தவர்களை வெளியே இருக்கச் சொன்னார்.

"அவளுக்கு என்ன தெரியும் டாக்டர்? நாங்க பேசி முடிச்சிட்டோம்லா" என்றார் மாமியார்.

"சட்டப்படி இவங்க சம்மதம் மட்டுந்தாம்மா வேணும்" என்று சொல்லி டாக்டர் கதவைச் சாத்தினார். என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்ன வேணும்? எதுன்னாலும் தப்பில்ல" என்றார்.

ஓவென்று அழுதுவிட்டேன். பிறகு, "எனக்குப் பிள்ளை வேணும் டாக்டர்" என்றேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் கர்த்தர் என்னைக் கைவிட்டிருக்க மாட்டார். அப்படிச் சொன்ன தாய்மாரை நான் ஒரு வார்த்தை குறை பேச மாட்டேன்.

பெண் பிள்ளை. பெயர் கிருபா. பிறந்ததும் முதுகில் ஆபரேஷன். கால் இன்னும் வரவில்லை. கையை ஊன்றி நகர்ந்து போய் மாமியாரின் சேலையை இழுப்பாள். "வாரேன்டி, எம்புட்டு அவசரம் உனக்கு!" என்று அவரும் ஓடி வருவார். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பள்ளிக்கூடத்துப் படியை நினைத்து இப்போதே மனசு அடித்துக்கொள்கிறது. சாய்தளம் கட்டித் தரச் சொல்லிக் கேட்கத்தான் போகிறேன். அது அவளுடைய உரிமை.

எங்கள் சபையில் சுகமானவர்கள்தான் எழுந்து சாட்சி சொல்வது வழக்கம். நான் எழுந்ததும் ஒரு மூத்த சகோதரி கையைப் பிடித்தார். "உக்காரும்மா. பிள்ளை நடக்கட்டும், பொறவு சொல்லு."

எனக்குச் சுருக்கென்றது. "நான் கேட்டது எனக்குக் கெடச்சிருச்சுக்கா" என்று கிருபாவைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன். அவள் மைக்கைப் பிடுங்கப் பார்த்தாள். சபையே சிரித்தது.

சகோதரிகளே, உங்களைக் கேட்காமல் உங்கள் காரியத்தை முடிவு செய்கிறார்களா? ஆண்டவரிடம் முறையிடுங்கள். உங்களைக் கேட்க அவர் ஓர் ஆளை அனுப்புவார். என் மகள் நடக்கிற நாள் வந்தால் அன்றைக்கும் நன்றி சொல்வேன். இன்றைக்குச் சொல்லக் கூடாது என்று மட்டும் யாரும் என்னைத் தடுக்க வேண்டாம்.