மதினி எழுதிய கிளவுட் பரீட்சை

நேற்று ஆபீஸ் லிஃப்டில் எனக்கு முன்னால் நின்றவருடைய பையிலிருந்து காயாத துண்டு வாடை வந்தது. காலையில் ஜிம்முக்குப் போய்விட்டு ஈரத்தோடு சுருட்டி வைத்திருப்பார் போலும். மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏழாவது மாடி எப்போது வரும் என்று நின்றார்கள். நான் மட்டும் நன்றாக இழுத்து முகர்ந்தேன். பக்கத்தில் நின்ற பெண் என்னைப் பார்த்த பார்வை நல்ல பார்வை இல்லை. என்ன செய்ய, எனக்கு அது தென்காசி வாடை.

தென்காசியில் சொந்த வீடு வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டால் வீடு அவர்களுடையது இல்லை. சொந்தக்காரர்கள் போன் போட்டதும் நலம் விசாரிக்க மாட்டார்கள். "தண்ணி விழுதா?" என்றுதான் கேட்பார்கள். விழுகிறது என்றால் மறுநாள் வேன் வாசலில் நிற்கும். விழவில்லை என்றால், நாம் பொய் சொல்கிறோமோ என்று நேரில் பார்க்க வருவார்கள். வந்தவர்கள் எல்லோரும் குளிப்பார்கள், குளித்த எல்லோரும் துண்டைக் காயப்போடுவார்கள், சாரல் காற்றில் ஒரு துண்டும் காயாது. அப்புறம் வீடு முழுக்க அந்த வாடைதான்.

ஐ.டி. கம்பெனிகள் எங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பி, அங்கிருந்தே வேலை பாருங்கள் என்று சொன்ன காலம் அது. நானும் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். கதவு ஒழுங்காகச் சாத்தும் ஒரே அறைதான் என் ஆபீஸ். சீசனில் அதற்குள்ளும் கொடி கட்டித் துண்டு தொங்கும். வீடியோ காலில் என் அமெரிக்க மேனேஜர், பின்னால் தெரியும் அந்தச் சிவப்புத் துணி என்ன என்று ஒருநாள் கேட்டார். உள்ளூர்த் திருவிழா என்று சொல்லிவைத்தேன். பாவம், நல்ல மனிதர், அடுத்த வருஷமும் மறக்காமல் வாழ்த்துச் சொன்னார்.

துண்டை விடுங்கள், நான் சொல்ல வந்தது மதினியைப் பற்றி. என் அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் ராணுவத்தில் இருந்தான், வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவான். மதினி மகளோடு எங்கள் வீட்டில் இருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் நாலு வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்தவள். பிள்ளை பிறந்ததும் விட்ட வேலை, ஏழு வருஷம் ஆகிவிட்டது. மூடிக்கிடந்த பள்ளிக்கூடம் திறந்து மகள் போக ஆரம்பித்ததும் மறுபடி விண்ணப்பம் போட ஆரம்பித்தாள். ஒரு இடத்திலிருந்தும் பதில் வரவில்லை. ஒரே ஒரு பெண் மட்டும் போனில், நடுவில் ஏழு வருஷம் காலியாக இருக்கிறதே மேடம் என்று இழுத்திருக்கிறாள். அன்று சாயங்காலம் மதினி முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. காலியாம். அந்த ஏழு வருஷத்தில் அவள் ஒருநாள்கூட மத்தியானம் படுத்து நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் அந்த கிளவுட் சர்டிபிகேட் பேச்சு வந்தது. கிளவுட் என்றால் வேறொன்றுமில்லை, எங்கோ இருக்கும் எவனுடைய கம்ப்யூட்டரையோ வாடகைக்கு எடுத்து நம்முடையது மாதிரி கட்டி மேய்ப்பது. அதில் ஒரு பரீட்சை உண்டு. பாஸானால் பெயர் போட்டு ஒரு காகிதம். காகிதம்கூட இல்லை, ஒரு லிங்க்.

வீட்டில் பஞ்சாயத்து கூடியது. மதுரையிலிருந்து போனில் கலந்துகொண்ட சித்தப்பா கேட்ட முதல் கேள்வி, "ஏலே, அதுல கவர்மெண்ட் சீல் இருக்குமாலே?" இல்லை என்றேன். மூன்று வருஷத்தில் காலாவதி ஆகிவிடும் என்று தெரிந்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தன்னுடைய டிரைவிங் லைசென்ஸே இருபது வருஷம் ஓடியிருக்கிறது, இத்தனைக்கும் தனக்கு வண்டி ஓட்டவே தெரியாது என்றார்.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டில் சாஃப்ட்வேர் விஷயத்தில் கடைசி வார்த்தை என்னுடையதுதான். டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், அப்பேர்ப்பட்ட நிபுணன். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, இதெல்லாம் கம்பெனிக்காரன் காசு பறிக்கக் கண்டுபிடித்த வழி, அனுபவம்தான் முக்கியம், காகிதத்தை எவன் பார்க்கிறான் என்று கால் மணி நேரம் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். மதினி கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்க எழுதுனியளா தம்பி?"

"எனக்கெதுக்கு மதினி? எனக்குத்தான் வேலை இருக்கே."

இப்போது உங்களிடம் சொல்வதற்கென்ன. அதே பரீட்சையை நான் சென்னையில் இருக்கும்போது இரண்டு தடவை எழுதியிருந்தேன். முதல் தடவை கொஞ்சத்தில் பாஸ் தவறியது. இரண்டாம் தடவை நிறையவே தவறியது. அன்று ரூம்மேட்டுகளிடம் பல் டாக்டரிடம் போய்விட்டு வருவதாகச் சொன்னேன். முகமும் அதற்குத் தகுந்த மாதிரியே இருந்தது. எட்டாத திராட்சையைப் புளிக்கும் என்று சொன்ன நரியாவது தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. நான் பசியோடு இருந்த இன்னொருத்திக்கு அல்லவா சொன்னேன்.

மதினி என் பேச்சைக் கேட்டு முடிவெடுக்கவில்லை என்பது நான் செய்த புண்ணியம். அவள் பாட்டுக்கு ஒரு வேலை செய்தாள். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில், இணையத்தில் வரும் வேலை விளம்பரங்களை ஒவ்வொன்றாகக் குறித்தாள். வரன் பார்க்கும் வீட்டில் ஜாதகம் சேர்ப்பது மாதிரி ஒரு கட்டு சேர்ந்தது. எதில் அந்த சர்டிபிகேட் கேட்கிறார்கள், எதில் இருந்தால் நல்லது என்கிறார்கள், எதில் கண்டுகொள்ளவே இல்லை என்று மூன்றாகப் பிரித்தாள். கண்டுகொள்ளாத கட்டுதான் பெரிதாக இருந்தது. நான் உள்ளுக்குள் நிம்மதியாகி, நான் சொன்னேன்லா என்றேன்.

"வேல வாங்கித் தராதுன்னு எனக்கும் தெரியுது தம்பி," என்றாள். "ஆனா ஏழு வருசமா என்ன பண்ணுனன்னு கேக்கவன், இத எப்பம் படிச்சன்னு கேப்பான். அந்தக் கேள்வின்னா எனக்குப் பதில் இருக்கு."

இன்றைக்கும் யாராவது பையன்கள் என்னிடம் சர்டிபிகேட் பிரயோஜனமா அண்ணா என்று கேட்டால், அந்த வாக்கியத்தை என்னுடையது மாதிரியே எடுத்துவிடுவேன். சொந்தச் சரக்கு என்று நினைத்து அவர்களும் தலையாட்டுவார்கள்.

நாலு மாசம் படித்தாள். மகளைத் தூங்க வைத்துவிட்டுக் கொஞ்சம், இட்லி வேகும் நேரத்தில் கொஞ்சம். பரீட்சைக்குத் தேதி போட்டுக் கொடுத்தது நான். எனக்கு லீவு சனிக்கிழமை, ஆகவே ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி. அது ஆடி மாசத்துச் சனிக்கிழமை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. தென்காசியில் பிறந்தவன் சீசனில் வீட்டில் ஒரு காரியம் வைக்கலாமா? வெள்ளிக்கிழமை மத்தியானம் சித்தப்பா தலைமையில் பதின்மூன்று பேர் வேனில் வந்து இறங்கினார்கள். பரீட்சைத் தேதியை மாற்றுவதானால் இருபத்து நாலு மணி நேரத்துக்கு முன்னால் மாற்ற வேண்டும். அந்தக் கெடு அன்று காலையிலேயே முடிந்திருந்தது.

வீட்டிலிருந்து எழுதும் பரீட்சை என்றால் சும்மா இல்லை. எங்கோ உட்கார்ந்து ஒருவன் கேமரா வழியே பார்த்துக்கொண்டே இருப்பான். அறைக்குள் வேறு ஆள் வந்தால் பரீட்சை ரத்து, யாராவது பேசும் சத்தம் கேட்டால் எச்சரிக்கை, மீறினால் ரத்து. என் ஆபீஸ் அறையிலிருந்து பதின்மூன்று பேருடைய பைகளையும் நான்தான் சுமந்து வெளியே போட்டேன். கொடியை அவிழ்த்தேன். சுவரில் எழுத்து எதுவும் இருக்கக் கூடாதாம், முருகன் காலண்டரையும் கழற்றினோம். அம்மா குக்கரின் விசிலை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். விருந்தாளிகளை மதினியின் மகளோடு சேர்த்துக் காலையிலேயே குற்றாலத்துக்கு ஏற்றி அனுப்பியாயிற்று. போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார்கள் என்று கணக்கு.

பத்தே முக்காலுக்கு வேன் தெருவில் திரும்பியது.

மலையில் மழை. மெயினருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது, போலீஸ் கயிறு கட்டிவிட்டார்கள். ஐந்தருவியிலும் குளிக்கத் தடை. அது தெரிவதற்கு முன்னாலேயே இவர்கள் வேனுக்குள் உட்கார்ந்து உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை எண்ணெய் தேய்த்து முடித்திருக்கிறார்கள். பதின்மூன்று எண்ணெய் ஆசாமிகள் எங்கள் வீட்டுக் குளியலறையை நோக்கி இறங்கினார்கள். முன்னால் சித்தப்பா, இடுப்பில் ஒரு துண்டு மட்டும், தொந்தி வெயில் இல்லாமலேயே பளபளத்தது. குளியலறை பரீட்சை நடக்கும் அறைக்கு அடுத்தது. அறையின் ஜன்னலோ தெருவைப் பார்த்து.

நான் கேட்டைச் சாத்திவிட்டு குறுக்கே நின்றேன். ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம் என்று கிசுகிசுத்தேன். அத்தைமார் ஆளுக்கொன்று பேச ஆரம்பித்தார்கள். கிசுகிசுப்பது எங்கள் குடும்ப வழக்கத்தில் கிடையாது.

"எண்ணெ கண்ணுல எறங்குதுலே, வழிய விடு," என்றார் சித்தப்பா. "ஒண்ணுத்துக்கும் ஒதவாத காயிதம்னு நீதானல சொன்ன?"

சொன்னேன்தான். கிசுகிசுப்பு மறந்துபோய்விட்டது.

"பொய் சொன்னேன் சித்தப்பா. இதே பரீட்சைய நான் ரெண்டு தடவ எழுதி ரெண்டு தடவையும் பெயிலு. மதினி பாஸாயிருவாவ. நீங்க இப்பம் உள்ள போனியன்னா எல்லாம் போச்சு."

அத்தைமார் என் பக்கம் திரும்பினார்கள். எதிர்வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள்கூட முறத்தை நிறுத்திவிட்டாள். சித்தப்பா கண்ணில் வழிந்த எண்ணெயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கேலி செய்வார் என்று காத்திருந்தேன். அவர் திரும்பி, எல்லோரும் வண்டியில் ஏறுங்க என்று மட்டும் சொன்னார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வழிகாட்ட ஏறினார். சுந்தரபாண்டியபுரத்தில் தெரிந்தவர் தோட்டத்து பம்புசெட்டில் பதின்மூன்று பேரும் குளித்தார்களாம். பக்கத்து வயலில் சூரியகாந்திப் பூவோடு படம் எடுக்க வந்திருந்த ஒரு வெளியூர் ஜோடியின் கல்யாண ஆல்பத்தில் சித்தப்பா இன்றைக்கும் இருப்பார்.

பன்னிரண்டு மணிக்கு மதினி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். பாஸ். நான் எழுந்து நின்றேன்.

"நடுவுல கேமராக்காரன் எச்சரிக்கை அனுப்பிட்டான்," என்றாள். "தெருவுல சத்தம் கேக்குதுன்னு. அப்புறம், எதுக்குச் சிரிக்கேன்னு கேட்டான்."

"என்ன சொன்னிய?"

"பதில் தெரிஞ்ச கேள்வி வந்திட்டுன்னு சொன்னேன்."

அதோடு சரி, நான் தெருவில் கத்தியதைப் பற்றி அவள் அப்புறம் பேசியதே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது, அது எனக்கே ஆச்சரியம்.

வேலை உடனே கிடைத்துவிடவில்லை. பதினோராவது விண்ணப்பத்தில் கிடைத்தது. இத எப்பம் படிச்சிய என்றுதான் கேட்டார்களாம். இரண்டு வருஷம் அதே அறையில் உட்கார்ந்து என்னைவிட நன்றாக வேலை பார்த்தாள். பிறகு கம்பெனிகளுக்கு நாங்கள் வீட்டில் இருப்பது பொறுக்கவில்லை. அவளைப் பெங்களூருக்குக் கூப்பிட்டார்கள், அண்ணனும் அந்தப் பக்கமே மாற்றல் வாங்கிக்கொண்டான். என்னைச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். சித்தப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது, வேன் ஏற மாட்டார். அவர் பிள்ளைகள் குற்றாலத்தில் ரிசார்ட்டில் ரூம் போடுகிறார்கள், அறையிலேயே ஹேர் டிரையர் இருக்கிறதாம். தண்ணி விழுதா என்று யாரும் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்பதில்லை, அருவி எந்த நேரமும் வாட்ஸப்பில் விழுந்துகொண்டிருக்கிறது.

போன வாரம் அப்பா போன் பண்ணினார். சாரல் நன்றாக இருக்கிறது, வீட்டில் அவரும் அம்மாவும் மட்டும்தான் என்றார். என் வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஆட்களைக் குறைக்கிறார்கள், அந்த கிளவுட் பரீட்சையைத் திரும்ப எழுதலாமா என்று யோசிக்கிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"இங்கன வந்து எழுதுடே," என்றார். "இப்பம் வாசல்ல யாரும் காவலுக்கு நிக்க வேண்டாம்."