பட்டுச் சேலையில் பேஸ்பால்

பேஸ்பால் பார்க்கப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போகிறவர்கள் இந்த உலகத்தில் நாங்கள் மூன்று பேராகத்தான் இருப்போம். எங்கள் மூவருடைய மகள்களும் போடியில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே அணி. உள்ளூரில் மேட்ச் நடந்தால் நாங்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. கடைவீதியில் தும்மினால்கூட வீட்டுக்குச் செய்தி போய்விடும். வெளியூர் மேட்ச் என்றால் மட்டும், கல்யாணத்துக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, பூவும் நகையுமாகத் தேனி பஸ் ஸ்டாண்டில் ஒன்றுகூடுவோம். எந்த ஊரில் எந்தத் தேதியில் முகூர்த்தம் என்று எங்களைக் கேட்டால் புரோகிதரைவிடச் சரியாகச் சொல்வோம்.

மற்ற இருவர் வீட்டிலும் தெரிந்தால் நாலு திட்டு விழும், அவ்வளவுதான். என் கதை வேறு. போன வருஷம் பந்து பட்டு என் மகளுக்குத் தாடையில் மூன்று தையல். இரும்புக்கடை வைத்திருக்கும் என் கணவர் அன்றைக்கே சொல்லிவிட்டார்: "இனிமே மட்டையத் தொட்டா பள்ளிக்கூடத்தையே நிப்பாட்டிப்புடுவேன்." சொன்னால் செய்கிற ஆள். அதற்குப் பிறகும் வெளியூர் மேட்ச்களில் அவள் ஆடுகிறாள் என்றால், சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டது நான். எனக்கும் பிடிவாதம் குறைச்சல் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்ச் ஆண்டிபட்டியில். மகள் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிப் பள்ளி வேனில் போய்விட்டாள். நாங்கள் பின்னாலேயே பஸ்ஸில். மைதானத்தைச் சுற்றி உள்ளூர்க் கூட்டம். எங்கள் பிள்ளைகளுக்காகக் கத்த நாங்கள் மூவர்தான். அவர்களும் அடிக்கப் போகுமுன் எங்களை ஒரு தடவை தேடுவார்கள். கூட்டத்தில் பளபளவென்று நிற்பது நாங்கள்தானே, சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எங்களுக்குக் கடைசி வாய்ப்பு. ஒரு ரன் பின்தங்கியிருந்தோம். மூன்றாவது பேஸில் எங்கள் பிள்ளை ஒருத்தி ஓடத் தயாராக நின்றாள்; அவள் ஓடி வந்து சேர்ந்தால் சமம். இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருத்தி அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. அந்த நேரத்தில் மட்டையை எடுத்தவள் என் மகள். வாகாக வரும் பந்து மூன்றை அடிக்காமல் விட்டாலும் அவுட்தான். அப்போது போன் அடித்தது. அவர்தான், வீடியோ கால்.

கட் செய்தேன். உடனே மறுபடி அடித்தது. சந்தேகம் வந்தால் கடையைச் சாத்திவிட்டு பைக்கில் வந்து நிற்பார்.

"மதினி, மேளச் சத்தம் கேக்குதுல்ல? அங்கன மண்டபம் இருக்கு, ஓடுங்க!" என்று கூட வந்தவள் என்னைப் பிடித்துத் தள்ளினாள்.

ஓடினேன். மண்டப வாசலில் யாரோ பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் நீட்டினார்கள். பட்டுச் சேலையைப் பார்த்து யாரும் யாரென்று கேட்கவில்லை. மூன்றாவது தடவை அடித்தபோது எடுத்தேன்.

"என்னத்தா, மூச்சு வாங்குது?"

"மாடியேறி வந்தேங்க." போனை மேடைப் பக்கம் திருப்பினேன். முன்பின் தெரியாத மாப்பிள்ளையும் பொண்ணும் சிரித்தார்கள்.

"சோடி நல்லாருக்கு. பாப்பாவையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல? அதுவும் பாவம், படிப்பு படிப்புன்னு கெடக்கு."

நான் பதில் சொல்வதற்குள் மைதானத்திலிருந்து பெரிய சத்தம் எழுந்தது. அந்த ஊரில் அவ்வளவு பெரிய சத்தம் எங்களுக்காக வராது. என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன சத்தம்?"

"வெடி போடுறாக," என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

திரும்பி வந்தபோது மகள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"மூணு பந்தையும் சும்மா பாத்துக்கிட்டே நின்னேன்மா. மட்டையத் தூக்கவே இல்ல."

"ஏன்டி?"

"ஒன்னையத் தேடுனேன். அவுக ரெண்டு பேரு மட்டும்தான் நின்னாக. அப்பா வந்துட்டாரு, நீ எங்கனயோ ஒளிஞ்சுக்கிட்டேன்னு நெனச்சேன். எனக்குக் கை ஓடல."

அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நான்தான் ஓடினேன். என் பயம் அவள் கையைக் கட்டிப்போட்டுவிட்டது. அந்த இடத்திலேயே, யோசித்தால் தைரியம் போய்விடும் என்று, அவருக்கு நானே வீடியோ கால் போட்டேன்.

"என்னத்தா, சாப்பிட்டாச்சா?"

"நான் வந்தது கல்யாணத்துக்கு இல்லங்க," என்று சொல்லி, போனை மகள் பக்கம் திருப்பினேன்.

புழுதி அப்பிய சட்டையோடு அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவுட்டாயிட்டேன்ப்பா," என்றாள். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.

வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"மொதல்ல அந்தத் தலைச்சட்டியக் கழத்திட்டுத் தண்ணியக் குடி," என்றார். "ஒங்காத்தாகிட்ட நான் வீட்ல பேசிக்கிறேன்."